ஏழு மணிச் சங்கு

(குறுவள மையக் கூட்டமொன்றில் நடுநிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசிப் பயன்பாட்டைக் குறைப்பது பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதுமே சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு இது. "போனைப் பார்க்காதே, கண் கெட்டுவிடும், படிப்பு கெட்டுவிடும்" என்று நாம் சொல்வோம். அவர்களும் "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டுவார்கள். மாலையில் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் போனைத் தேடுவார்கள். அறிவுரையால் இது மாறும் என்றால் எப்போதோ மாறியிருக்க வேண்டும். ஆகவே இன்று அறிவுரையை ஓரமாக வைத்துவிட்டு, ஓர் ஊர் செய்ததைச் சொல்கிறேன். அதில் நமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைச் சேர்ந்து யோசிப்போம்.

ஓர் ஊர் எடுத்த முடிவு

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம் இருக்கிறது. சுமார் 3,000 பேர் வாழும் ஊர். கொரோனா காலத்தில் அங்கேயும் நம்மைப் போலவே பாடம் போன் வழியாக நடந்தது. பள்ளி திறந்த பிறகு ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பிள்ளைகள் வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், எழுதவும் படிக்கவும் மனமில்லை, பள்ளிக்கு வருவதற்கு முன்பும் பள்ளி விட்ட பின்பும் கையில் போன். இதை அவர்கள் ஊரிடம் சொன்னார்கள். கவனியுங்கள், இந்தக் கதை ஆசிரியர்களின் குறையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஊராட்சித் தலைவர் விஜய் மோகிதே ஒரு யோசனை சொன்னார். 2022 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், பெண்களைக் கூட்டிக் கிராமசபை நடத்தினார்கள். ஒரு சங்கு வாங்குவது என்று முடிவாயிற்று. நம் ஊரில் ஆலைச் சங்கு என்போமே, அதுபோல. மறுநாளிலிருந்து மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து அந்தச் சங்கு ஒலித்தது. ஒலித்ததும் வீடுகளில் போனையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட வேண்டும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இரவு 8.30 மணிக்கு மறுபடியும் சங்கு. அதோடு கட்டுப்பாடு முடிந்தது. ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஊரில் பலர் சிரித்தார்கள். போன் இல்லாமல் எப்படி இருக்க முடியும் என்று கேட்டார்கள். ஆஷா பணியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஊராட்சி ஊழியர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மெல்ல மெல்ல ஊர் பழகியது. செய்தி நாடெங்கும் பரவியது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பட்டவை நான்கு.

ஒன்று, அது எல்லோருக்கும் பொதுவான முடிவு. பக்கத்து வீட்டுப் பையன் விளையாடும்போது நம் பையனை மட்டும் போனை வை என்றால் அது தண்டனை. ஊரே வைத்தால் அது வழக்கம். தனி ஒருவரின் மன உறுதியை நம்பி அந்த ஊர் இறங்கவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தது.

இரண்டு, அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. "எப்போதும் போன் பார்க்காதே" என்பதைக் கடைப்பிடிக்க யாராலும் முடியாது. "7 முதல் 8.30 வரை" என்பது முடியக்கூடிய காரியம்.

மூன்று, பெரியவர்களுக்கும் அதே சட்டம். அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையைப் படி என்று சொல்ல அங்கே வழியில்லை.

நான்கு, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதையும் சொல்லியிருந்தார்கள். படிப்பு, எழுத்து, பேச்சு. போனை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால், ஐந்தாவது நிமிடம் கை தானாகப் போனைத் தேடும்.

நம் ஊரில் சங்கு ஊத முடியுமா?

ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சங்கு புதிதல்ல. ஆலைச் சங்கை வைத்தே உலை வைத்த வீடுகள் இங்கே உண்டு. ஆனால் வட்காவில் முடிந்தது இங்கே அப்படியே முடியாது. ஆவடி 2019 முதல் மாநகராட்சி. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி முடிவெடுக்க இது 3,000 பேர் வாழும் கிராமம் இல்லை. ஒரு தெருவில் இருப்பவருக்கு அடுத்த தெருவில் இருப்பவரைத் தெரியாது. ஒரே வளாகத்தில் ஆறு வாடகைக் குடித்தனம் இருந்தால், ஆறு பேரும் ஆறு ஊர்க்காரர்கள். தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர் எல்லோரும் சுவரை ஒட்டி வாழ்கிறார்கள்.

நேரமும் ஒன்றாக இல்லை. மாலை 7 மணிக்கு இங்கே பல வீடுகளில் பெரியவர்களே இருப்பதில்லை. தொழிற்பேட்டையில் ஒருவர் இரண்டாம் ஷிப்டில் இருப்பார். இன்னொருவர் அரக்கோணம் மார்க்கமாக வரும் மின்சார ரயிலில் கொரட்டூருக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவே நின்றுகொண்டிருப்பார். இன்னொருவர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் காத்திருப்பார்.

அந்த மின்சார ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். என் போல அதில் இருபது ஆண்டுகளாகப் பயணம் செய்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மகளிர் பெட்டியில் முன்பு பூக் கட்டுவார்கள், அவரை உரிப்பார்கள், கீரை ஆய்வார்கள். யார் வீட்டில் கல்யாணம், எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரி என்று பெட்டிக்கே தெரியும். இரண்டு நாள் ஒருத்தி வரவில்லை என்றால் மூன்றாம் நாள் விசாரிப்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையத்தின் விலை மளமளவென்று சரிந்தது நினைவிருக்கும். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் பெட்டியில் பேச்சு குறைந்தது. இப்போதும் கூட்டம் அதேதான். தலைகள் மட்டும் குனிந்திருக்கின்றன. களைத்து வருகிறவர்கள் சற்று நேரம் போன் பார்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை. எனினும், நாளெல்லாம் உழைத்த ஒருவரிடம் "என்னக்கா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்க அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவர் இருந்தார். இப்போது அந்தக் கேள்வி குறைந்துவிட்டது.

பிள்ளைகள் எழுதிய மாலை

வட்காவ் செய்தியை ஏழாம் வகுப்பில் சொன்னேன். பிறகு ஒரு பயிற்சி கொடுத்தேன். "நேற்று மாலை 7 மணி முதல் 8 மணி வரை என் வீடு" என்று அரைப் பக்கம் எழுதி வரச் சொன்னேன். போனைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள், என்ன பேசினார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் தங்களைப் பற்றிக் குறைவாகவும் மற்றவர்களைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: அப்பா வந்ததும் போன் பார்ப்பார், அப்போது பேசினால் 'ம்' என்பார், அந்த 'ம்'முக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தம். ஒரு மாணவன், தங்கை சாப்பிடாததால் அம்மா போனில் பாட்டுப் போட்டு ஊட்டுவதாக எழுதியிருந்தான். இன்னொருவன் தன் பாட்டி கதவருகே உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரே வரியில் முடித்திருந்தான். அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே அடுத்த தாளுக்குப் போக முடியவில்லை.

போன் பிள்ளைகளின் பழக்கம் என்றுதான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாள்களைப் படித்தால், அது பிள்ளைகள் காத்திருக்கும் வரிசை என்று தோன்றுகிறது. பெரியவர் போனை வைப்பதற்காகக் காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் தானும் ஒரு போனை எடுத்துக்கொள்கிற பிள்ளைதான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தாள்களைப் பெயர் சொல்லாமல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். மாலை 7 மணிக்கு ஒரு மணி நேரம் போனை வைத்துவிடலாமா என்று கேட்டேன். பலர் தலையசைத்தார்கள். தொழிற்பேட்டையில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்க்கும் தாய் எழுந்தார்.

"டீச்சர், நீங்க சொல்றது நல்லதுதான். ஆனா நான் வீட்டுக்கு வர எட்டரை ஆகுது. அதுவரைக்கும் என் பொண்ணும் பையனும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காங்க. அந்தப் போன்தான் அவங்களை வெளியில போகாம உட்கார வெச்சிருக்கு. நான் போன் பண்ணி 'கதவு பூட்டியிருக்கா'ன்னு கேக்கறதும் அதுலதான். ஏழு மணிக்கு அதை அணைச்சுட்டா, நான் எப்படி இங்க வேலை பார்ப்பேன்?"

கூட்டம் அமைதியானது. அவர் கேட்டது நியாயம். போனைக் குறையுங்கள் என்று பேசுகிற நாம், அந்தப் போன் ஒரு வீட்டில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சில வீடுகளில் அது பொழுதுபோக்கு. சில வீடுகளில் அது காவல்காரர். அந்தக் காவலை எடுத்துவிட்டு வேறு எதையும் தராமல் போனால் நாம் நல்லது செய்தவர்கள் ஆக மாட்டோம்.

ஆகவே அன்று பேசிப் பேசித் திட்டத்தை மாற்றினோம். ஊருக்கு ஒரு நேரம் என்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு நேரம் என்று வைத்தோம். வேலைக்குப் போன கடைசி ஆள் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய பிறகு அரை மணி நேரம். அந்தத் தாயின் வீட்டில் அது இரவு 8.45. இன்னொரு வீட்டில் காலை 6.30. அழைப்பு வந்தால் எடுக்கலாம். படம், விளையாட்டு, வாட்ஸ்அப், ரீல்ஸ் கூடாது. போன் அரிசிப் பானை மேலோ, அலமாரி மேலோ, எட்டி எடுக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சங்கு ஊதுகிற வேலை வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு. தட்டில் கரண்டியால் தட்டி அறிவிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் பிடித்தது!

எல்லா வீடுகளிலும் இது நிலைத்தது என்று சொல்ல மாட்டேன். சில வீடுகளில் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. சில வீடுகளில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கிறது. சில வீடுகளில் இன்றும் தொடர்கிறது. தொடர்கிற வீடுகளிலிருந்து வகுப்புக்குப் புதிய பேச்சு வருகிறது. கதவருகே உட்கார்ந்திருந்த பாட்டியின் பேரன், பாட்டியிடம் பூக் கட்டக் கற்றுக்கொண்டு வந்தான். முழம் என்றால் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, பாட்டியின் முழம் குட்டை, அம்மாவின் முழம் நீளம், அப்படியென்றால் யாரிடம் வாங்கினால் லாபம் என்று கேட்டான். திட்ட அளவு ஏன் தேவை என்ற பாடத்தை அன்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஏன் இவ்வளவு கடினம்?

அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் ஒரு செய்தி. போனை வைக்க முடியாதது பிள்ளைகளின் சோம்பலால் மட்டும் வருவதில்லை. அது அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொடருக்கு 'தொடரும்' உண்டு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் திரைக்கு முடிவே இல்லை. இந்த முடிவற்ற நகர்த்தலை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின் என்ற பொறியாளரே பிற்காலத்தில் அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

இன்னொன்று, எதிர்பாராத பரிசு. ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்தால் நமக்கு அலுத்துவிடும். எப்போதாவது, எப்போது என்று தெரியாமல் கிடைத்தால் மனம் விடாது. பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளை நாம் பி.எட். படிப்பில் படித்திருக்கிறோம். வலுவூட்டலில் மாறும் விகிதம் என்று தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துபோன பகுதி இன்று நம் பையில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. பத்துக் காணொளியில் ஒன்றுதான் சிரிக்க வைக்கும். அந்த ஒன்றுக்காக ஒன்பதைத் தள்ளுகிறோம். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விளக்கினால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். "அப்போ நம்மளைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறாங்களா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். திட்டு வாங்கிய பிள்ளை ஒளிந்து பார்க்கும். தூண்டிலைத் தெரிந்துகொண்ட பிள்ளை சற்று யோசிக்கும்.

நம் மேசையில் இருக்கும் போன்

இப்போது நம் பக்கம் வருகிறேன். கோபப்படாமல் கேட்க வேண்டும்.

நம் வேலையில் போனைத் தவிர்க்க முடியாது. வருகைப் பதிவு செயலியில். எமிஸ் பதிவேற்றம் அதில். பயிற்சி இணைப்பு, சுற்றறிக்கை, நலத்திட்டப் பட்டியல், படிவம், புகைப்படச் சான்று எல்லாம் அதில். ஒரு தாயிடம் அந்தப் போன் காவல் வேலை செய்வதுபோல, நம்மிடம் அது அலுவலக வேலை செய்கிறது. அதனால் "ஆசிரியர்கள் வகுப்பில் போன் பார்க்கிறார்கள்" என்று பொத்தாம் பொதுவாகக் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை நாம் பார்க்க வேண்டும். வருகைப் பதிவுக்காகப் போனை எடுப்பது ஒரு வேலை. அது முடிந்த பிறகும் போன் மேசையில் கிடப்பது வேறு. 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டு குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தவர்கள், பையில் வைத்தவர்கள், வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் என்று பிரித்துச் சிந்தனைப் பயிற்சிகள் கொடுத்தார்கள். வேறு அறையில் வைத்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். பின்னர் நடந்த சில ஆய்வுகளில் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கவனம் கலைந்த மாணவர் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று சொல்கிறது. நம் பாடவேளையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஓர் அதிர்வு பாடவேளையின் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஆய்வை விட வகுப்பறை நமக்கு நன்றாகச் சொல்லும். ஒரு பிள்ளை நம் மேசைக்கு வருவது எப்போதும் பாடச் சந்தேகத்துக்காக இல்லை. "டீச்சர், தண்ணி குடிக்கப் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நொடி நின்றால் அதற்கு வேறு ஏதோ சொல்ல இருக்கிறது என்று பொருள். வீட்டில் சண்டை, காலையில் சாப்பிடவில்லை, வழியில் ஒருவன் தொந்தரவு செய்கிறான், இப்படி ஏதோ ஒன்று. அந்த இரண்டு நொடியில் நம் கண் நிமிர்ந்திருந்தால் பிள்ளை சொல்லும். குனிந்திருந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடும். அதை மறுபடி கேட்க நமக்கு வாய்ப்பே வராமல் போகலாம். போன் விஷயத்தில் நான் பயப்படுவது இந்த இரண்டு நொடியைப் பற்றித்தான்.

எங்கள் பள்ளியில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். செலவில்லாதவை என்பதால் சொல்கிறேன்.

வருகைப் பதிவு முடிந்ததும் போன் ஆசிரியர் அறை அலமாரிக்குப் போகும். ஒவ்வொரு வகுப்பு ஆசிரியரிடமிருந்தும் வாங்கிப்போக ஒருவர் பொறுப்பு. பாடத்துக்கு விரைவுத் துலங்கல் குறியீட்டைக் காட்ட வேண்டும் என்றால் அந்தப் பாடவேளைக்கு மட்டும் எடுத்து வருவோம். அவசர அழைப்புக்குத் தலைமையாசிரியரின் எண்ணை எல்லோர் வீட்டிலும் கொடுத்திருக்கிறோம். வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிற ஆசிரியர்களுக்கு அதனால்தான் நிம்மதி.

சுற்றறிக்கைகளை இடைவேளையிலும் மதியத்திலும் பார்ப்போம். பள்ளிப் புலனக் குழுவில் நிர்வாகி மட்டும் பதிவிடும்படி அமைத்துவிட்டோம். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் தனிக் குழு. வாழ்த்துச் சொல்வது நல்ல பழக்கம்தான், அதற்கு நடுவே சுற்றறிக்கை புதைந்துவிடக் கூடாது.

பெற்றோர் குழுவில் வீட்டுப்பாடத்தைப் போடுவதை நிறுத்திவிட்டோம். பிள்ளை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு போகிறது. வீட்டுப்பாடம் பார்க்கிறேன் என்று போனை வாங்கும் வழி அதோடு அடைபட்டது.

மேடையில் இருக்கும் அலுவலர்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். பள்ளி வேலை நேரத்தில் வரும் "உடனே அனுப்பவும்" செய்திகளில், உண்மையில் உடனே வேண்டியவை எவை என்று பிரித்துத் தந்தால் நாங்கள் நன்றி உள்ளவர்களாக இருப்போம். மிக அவசரம் என்றால் தலைமையாசிரியரை அழைத்துச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு மாலை 4 மணிவரை அவகாசம் கொடுங்கள். ஆசிரியர் தன் போனை அலமாரியில் வைக்கத் துணிய வேண்டுமானால், அதற்குள் விளக்கம் கேட்டுச் செய்தி வந்துவிடாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும்.

போன் நமக்கு எதிரி இல்லை

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சியும் போனும் இல்லையென்றால் நம் பிள்ளைகளுடன் நமக்குத் தொடர்பே அறுந்திருக்கும். பூவிருந்தவல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் போன், பார்வையற்ற ஒரு மாணவருக்குப் புத்தகம், பேருந்து எண், பணத்தாளின் மதிப்பு எல்லாம் ஆகும். அவரிடம் போய்ப் போனைக் குறை என்று பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கேள்வி எதற்குப் பயன்படுகிறது என்பதே. 2025 ஜனவரியில் வெளிவந்த ஏசர் 2024 அறிக்கை இந்தியாவின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கேட்டது. 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அவர்களில் முந்தைய வாரம் கல்விக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. பிள்ளைகள் படிப்புக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதை இதில் மறக்கக் கூடாது. அந்த 57ஐ வளர்ப்பது நம் வேலை. கோழி முட்டை, ஏரிப் பறவை, பாட்டியின் கதை, எதையாவது பதிவு செய்து வா என்று வேலை கொடுத்தால் அதே போன் கருவியாகிவிடும். பருத்திப்பட்டு ஏரிக் கரைக்குப் போய் என்ன பறவைகள் வந்திருக்கின்றன என்று பார்த்து, வரைந்து, கடைசியில் ஐந்து நிமிடம் மட்டும் போனில் பெயர் தேடச் சொல்லுங்கள். முதலில் கண், பிறகு கை, கடைசியில் போன். இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

சிறு குழந்தைகள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் இடுப்பில் இன்னொரு குழந்தை இருக்கும்.

சில பிள்ளைகளிடம் இது பழக்கம் என்ற அளவைத் தாண்டிப் போயிருக்கலாம். போனை வாங்கினால் பொருளை எறிவது, தூங்காமலிருப்பது, பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவது போன்றவை தெரிந்தால் திட்டுவதால் பயனில்லை. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, அழைத்துப் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. அதாவது, இது மருத்துவர்கள் பார்க்கும் ஒரு சிக்கல். பெற்றோர் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முடிக்கும் முன்

இந்தக் கூட்டத்திலிருந்து போகும்போது இரண்டே வேலைகளை எடுத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் "நேற்று மாலை என் வீடு" என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். முதல், இரண்டாம் வகுப்பு என்றால் வரையச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், மதிப்பெண் போட வேண்டாம், படிக்க மட்டும் செய்யுங்கள். உங்கள் பகுதிக்கு எந்த நேரம், எந்த ஏற்பாடு பொருந்தும் என்பதை அந்தத் தாள்கள் சொல்லும். வட்காவுக்கு 7 மணி பொருந்தியது. எங்கள் பள்ளித் தாய் ஒருவருக்கு 8.45 பொருந்தியது. உங்கள் பள்ளிக்கு வேறொன்று பொருந்தும்.

இரண்டாவது, ஒரு பாடவேளை. நாள் முழுவதும் வேண்டாம். ஒரே ஒரு பாடவேளைக்கு உங்கள் போனை வேறு அறையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். அந்த நாற்பது நிமிடத்தில் எந்தப் பிள்ளை இரண்டு நொடி கூடுதலாக நின்றது என்று பாருங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.